மாங்கனி பிடித்துப் பெற்ற பிள்ளை. அவனைப் பிடிக்க நாலு பேர்!

காரைக்கால் தாய்மார்களின் ஆனி மாத அவஸ்தை

காரைக்கால்-

ஆனி மாதப் பவுர்ணமி அன்று காரைக்கால் பாரதியார் சாலையில் இரண்டு வகைத் தாய்மார்களைப் பார்க்கலாம்.

ஒருத்தி முந்தானையை விரித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி நிற்பாள். மாடியில் இருந்து வீசப்படும் மாம்பழம் ஒன்று மடியில் விழுந்துவிட்டால் வீட்டில் தொட்டில் ஆடும் என்பது நம்பிக்கை.

இன்னொருத்தி மேலே பார்க்கவே மாட்டாள். ஜனங்களின் கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்து, "டேய்... எங்கடா போய்த் தொலைஞ்சே?" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பாள். சில வருஷங்களுக்கு முன் அதே இடத்தில் மடி விரித்து நின்றவளாக அவள் இருக்கலாம். அன்று மாங்கனியைப் பிடித்தாள். இன்று மாங்கனி தந்த பிள்ளையைப் பிடிக்க நாலு பேர் வேண்டியிருக்கிறது!

இரண்டு மாம்பழம்

அம்மையார் கதை இந்த ஊரில் பால்குடி மறந்த பயலுக்கும் தெரியும். பரமதத்தன் என்ற வணிகன் 2 மாம்பழங்களை வீட்டுக்கு அனுப்பினான். மனைவி புனிதவதி அதில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்கு இட்டுவிட்டார். மீதிப் பழத்தை ருசித்த புருஷன், "இன்னொன்றையும் கொண்டா" என்றான். கலங்கிப்போன புனிதவதி ஈசனை வேண்ட, கையில் ஒரு பழம் வந்தது. அதன் ருசியே வேறு! விஷயம் தெரிந்ததும் மிரண்டுபோன பரமதத்தன் கப்பல் ஏறி ஊரைவிட்டே போய்விட்டான். பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்து, பிறந்த பெண்ணுக்கு முதல் மனைவியின் பெயரையே வைத்தான்.

புனிதவதிக்குப் பிள்ளை இல்லை. ஆனால் சிவபெருமானே "அம்மையே" என்று கூப்பிட்டது அவரைத்தான். 63 நாயன்மார்களில் பெண்கள் 3 பேர். அதில் ஒருவர் இவர்.

அந்த மாம்பழத்தின் நினைவாகத்தான் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் பவளக்கால் சப்பரத்தில் வீதி உலா வருவார். வாசலுக்கு வாசல் மாம்பழம் வைத்துப் படைப்பார்கள். சாமி கடந்ததும் வீட்டு மாடிகளில் இருந்து பழங்கள் பறந்து வரும்.

அப்புறம் கேட்பானேன்!

தலைக்கு மேலே பழ மழை. கீழே வாண்டுகளின் ராஜ்ஜியம். அப்பன் தோளில் ஏறியவனுக்கு முதல் வகுப்பு சீட்டு. தோள் கிடைக்காதவன் குடையைத் தலைகீழாக விரிக்கிறான். குடையும் இல்லாதவன் சட்டையின் முன்பக்கத்தைத் தூக்கிப் பையாக்குகிறான். நெற்றியில் பழம் விழுந்து புடைத்தாலும் அழுவதில்லை. அழுதால் அடுத்த பழத்தை வேறொருவன் பிடித்துவிடுவானே!

வீட்டில் ஒரு வாய் சோற்றுக்கு ஒரு மணி நேரம் கெஞ்ச வைக்கிற பயல், அன்று நசுங்கிய பழத்தைத் தோலோடு தின்பான். காலையில் போட்ட புதுச்சட்டை சாயங்காலம் அடையாளம் தெரியாது. மாம்பழக் கறையா, லேசில் போகுமா? ஒரு கால் செருப்பு வீடு திரும்பினால் அது பெரிய லாபம்.

சிவப்புத் தொப்பி

கூட்டத்தில் கைநழுவும் பிள்ளைகளும் உண்டு. நீல டிராயர், மஞ்சள் சட்டை, பெயர் கேட்டால் அழுகிறான் என்று மைக்கில் அறிவிப்பு வந்தபடி இருக்கும். தாயார் பதறி அடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால், பிள்ளை அழவில்லை. போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியைப் போட்டுப் பார்க்க அடம் பிடித்துக்கொண்டு இருப்பான்!

அந்தத் தொப்பி பிரெஞ்சுக்காரன் விட்டுப் போனது. 1739-ல் காரைக்காலுக்கு வந்தவன் 1954-ல் ஊரை ஒப்படைத்தான். தொப்பி மட்டும் போகவில்லை. எல்லை தாண்டினால் தமிழ்நாட்டுப் போலீசுக்கு இந்தத் தொப்பி கிடையாது. ஆகவே இந்த ஊர் சின்னப் பயல்களுக்கு அதன்மேல் தனி மோகம்.

"கிடைச்சானே" என்ற சந்தோஷத்தில் முதுகில் ஓர் அடி. உடனே ஒரு முத்தம். இரண்டும் ஒரே நிமிஷத்தில் நடக்கும்.

மைக் இல்லாத நாள்

திருவிழா அன்று பிள்ளையைக் கவனிக்க ஊரே இருக்கிறது. போலீஸ் உண்டு, மைக் உண்டு, பக்கத்தில் நிற்கிற முகம் தெரியாத ஆளும் "யார் வீட்டுப் பிள்ளை இது?" என்று கேட்பார். பயமெல்லாம் அதற்கு அடுத்த நாட்களில்தான்.

மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. அணையில் தண்ணீர் இருந்தால் அன்று மதகு திறக்கும். காரைக்காலோ கடைமடை. மற்ற ஊர்களை நனைத்துவிட்டு அரசலாற்றிலும் வாய்க்கால்களிலும் தண்ணீர் வந்து சேர நாளாகும். காவிரி நடுவர் மன்றம் 2007-ல் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி.யை நம்பித்தான் இங்கே வயல் நடக்கிறது. விவசாயிக்கு அது நாற்றங்கால் தண்ணீர். பத்து வயசுப் பயலுக்கோ மதகில் ஏறிக் குதிக்கிற தண்ணீர்! "ஆத்துல தண்ணி வந்துடுச்சுடா" என்று ஒருவன் குரல் கொடுத்தால் போதும், தெருவில் ஒரு பயல் இருக்க மாட்டான்.

கடல் பக்கமும் இதே சமயத்தில்தான் ஆள் குறைகிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த 61 நாளும் விசைப்படகில் போகிற அப்பா வீட்டில் இருப்பார்; வலை பின்னுவார், பிள்ளையை ஒரு கண் பார்த்துக்கொள்வார். தடை முடிந்ததும் படகு ஏறிவிடுவார். அதற்கப்புறம் கரையில் தாய் ஒருத்திதான்.

கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவக் கிராமங்களில் பையன்கள் அலையோடு வளர்கிறவர்கள். டவுன் பையன்கள் அப்படி இல்லை. மாடி வீட்டில் இருந்து டியூஷனுக்குப் போய்வருகிற பிள்ளைக்கு நீச்சல் எங்கே தெரியப்போகிறது? ஆனால் சினேகிதன் குதித்தால் இவனும் குதிப்பான். அரசலாறு கடலில் கலக்கிற முகத்துவாரத்தில் தண்ணீர் மேலே சாதுவாகத் தெரியும், அடியில் இழுக்கும்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது. அந்தக் காலை நேரத்தில் வந்த சுனாமி, காரைக்கால் பகுதியில் மட்டும் 400 பேருக்கு மேல் கொண்டுபோனது. பிள்ளைகளும் ஏராளம். அதற்கப்புறம் பிறந்த பயல்களுக்கு அது கதை. அம்மாக்களுக்கு அப்படி இல்லை. பையன் கடற்கரைக்குப் போகிறேன் என்றால் சில வீடுகளில் இன்னமும் பேச்சு நின்றுவிடும்.

சுனாமி தினமும் வருவதில்லை. வாய்க்காலும் குளமும் தினமும் இருக்கின்றன. 2021-ல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் பெண்களைவிட ஆண்களே அதிகம். காரணம் தெரிந்ததுதான். தண்ணீரைக் கண்டால் பையனுக்குக் கால் நிற்காது!

ஒருவன் மூழ்கினால் இன்னொருவன் காப்பாற்றக் குதிப்பான். அவனும் போவான். ஒரே வீட்டில் அண்ணன், தம்பி என்று இரட்டைச் சாவு இப்படித்தான் நேர்கிறது. மூழ்குகிறவன் சினிமாவில் வருகிற மாதிரி கத்த மாட்டான். சத்தம் இல்லாமல் உள்ளே போய்விடுவான். "குதிக்காதே; கயிறு, லுங்கி, வாழைத்தண்டு, காலி பிளாஸ்டிக் கேன் எது கிடைச்சாலும் வீசு, பெரியவங்களைக் கூப்பிடு" என்று பையனுக்குச் சொல்லிவைக்க ஐந்து நிமிஷம் ஆகாது.

கரைக்குத் தூக்கி வந்தவனைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுகிற பழைய வழக்கம் இன்னும் போகவில்லை. அது வீண் வேலை, நேரம்தான் போகும். மூச்சு இல்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நெஞ்சை அழுத்த வேண்டும். இன்னொருவர் 108-க்கு போன் போட வேண்டும்.

மதகுகளில் ஒரு கம்பித் தடுப்பு, ஓரத்தில் ஒரு கயிறும் மிதவையும் கட்டிவைப்பதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவை இல்லை. தண்ணீர் வரும் தேதியைத் தெருத்தெருவாக ஆட்டோவில் அறிவிக்கலாம். திருவிழாவுக்குக் கட்டிய மைக்கை இன்னும் பத்து நாள் அவிழ்க்காமல் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மாங்கொட்டை

திருவிழாவுக்குப் பழம் வாங்கிப் படைத்தவர்கள் சாமியோடு அதை மறந்துவிடுவார்கள். வாண்டுகள் மறப்பதில்லை. தின்று போட்ட கொட்டைகளைக் கொல்லைப்புறத்தில் புதைத்திருப்பார்கள். நாலு மழை பெய்து முளை விட்டதும் தோண்டி எடுத்து, ஓட்டை உடைத்து, உள்ளே இருக்கும் பருப்பைச் சுவரில் தேய் தேய் என்று தேய்த்தால் பீப்பி தயார். வெள்ளை அடித்த சுவர் பாழ்.

பகல் 2 மணிக்கு அம்மா கொஞ்சம் கண் அசரும் நேரமாகப் பார்த்து, தெருவில் ஐந்து பீப்பிகள் ஒரே சமயத்தில் ஊதும். எதிர் வீட்டுப் பாட்டி திட்டுவாள். அம்மா மட்டும் திட்ட மாட்டாள். சத்தம் கேட்கிறவரைக்கும் பயல் தெருவில்தான் இருக்கிறான், ஆற்றுப் பக்கம் போகவில்லை.