திரிந்த பாலும் உடைந்த படமும்

ஐப்பசி மழை குன்றத்தூர் மலைக்கோயிலை மறைக்கத் தொடங்கினால் போதும், எங்கள் தெருவில் ஒரு குரல் கேட்கும்: "டிவியில கட்டம் கட்டமா வருது!" அடுத்த வார்த்தை, "டிவி போச்சு போல." பெரும்பாலும் டிவி போயிருக்காது. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கச் சமையலறை அறிவே போதும்.

மோர் அன்று, பால் இன்று

பழைய ஆன்டெனா படம் மோர் மாதிரி. சிக்னல் குறைந்தால் தண்ணீர் விட்ட மோராக நீர்த்துப்போகும். திரையெங்கும் புள்ளி விழுந்தாலும் ஆள் தெரியும். டிஜிட்டல் படம் பால். நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விழுந்தாலும் பால் பாலாகவே இருக்கும். சிக்னலோடு சேர்ந்து வரும் பிழைதிருத்தத் தகவலைக் கொண்டு, விடுபட்டதை செட்டாப் பாக்ஸ் நிரப்பிக்கொள்கிறது. எல்லை தாண்டியதும் சட்டென்று திரிந்துவிடும். அந்தத் திப்பிதான் நாம் பார்க்கும் கட்டங்கள். படம் இன்று உடைந்தாலும் பழுது மாதக்கணக்கில் வளர்ந்திருக்கலாம்.

அடுப்பைப் பார்ப்பதுபோல

கேஸ் அடுப்பு எரியாவிட்டால் சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப், பர்னர் என்று வரிசையாகப் பார்ப்போம். இங்கும் ஒரு வரிசை உண்டு: மாடியில் டிஷ், அதன் முன் நீட்டியபடி சிக்னலைப் பிடிக்கும் எல்என்பி, கேபிள், செட்டாப் பாக்ஸ், எச்டிஎம்ஐ வயர், டிவி.

முதலில் பாக்ஸ் ரிமோட்டில் மெனுவை அழுத்துங்கள். மெனு பளிச்சென்று வந்தால் பாக்ஸிலிருந்து டிவி வரை எல்லாம் சரி. கோளாறு பெரும்பாலும் மாடிப் பக்கம். மெனுவே வராமல் டிவி ‘நோ சிக்னல்’ காட்டினால், டிவியின் சோர்ஸ் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எச்டிஎம்ஐ வயரை இரு முனையிலும் கழற்றிச் செருகுங்கள். மெனுவில் சிக்னல் பக்கமும் இருக்கும். அதில் ‘ஸ்ட்ரென்த்’ பாலின் அளவு, ‘குவாலிட்டி’ அதன் பதம். பதம்தான் முக்கியம்.

மாடியில்

தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையைச் சுமக்கும் ஜிசாட்-15, நம் ஊரிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், ஏறத்தாழ 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. சுமார் 36,000 கிலோமீட்டர் கடந்து வரும் அலையின் நீளம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவுதான். கனமழையின் துளிகள் அதைக் கொஞ்சம் விழுங்கும், கொஞ்சம் சிதறடிக்கும். மழை தணிந்ததும் படம் திரும்பினால் எதையும் திருக வேண்டாம். வெயில் அடித்தும் வராவிட்டால், டிஷ்ஷின் பார்வையை முருங்கைக்கிளை மறைக்கிறதா, எல்என்பியில் கேபிள் சேரும் கனெக்டரில் நீர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

போன மழைக்கு எங்கள் வீட்டிலும் இதேதான். பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாடி ஏறினேன். காரணம், எல்என்பிக்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட் மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. கனெக்டரைத் திருகி எடுத்தால், நடுச் செப்புக் கம்பியின் நுனியில் புளி போட்டுத் தேய்க்காத சொம்பைப் போலப் பச்சைக் களிம்பு. அதைச் சுற்றியிருக்கும் கம்பிவலையின் ஒற்றை இழை, தலைமுடி கனம்தான், நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓர் அங்குலம் நறுக்கி, புதிதாகச் சீவி, புதுக் கனெக்டர் போட்டேன். பால் ஊற்றும்போது வெளியே வழிவது சொம்பின் அடிக்குப் போய்த்தானே சொட்டும்? அதே கணக்கில் கேபிளையும் கனெக்டருக்குக் கீழே தொங்கலாக வளைத்துவிட்டேன். மழைநீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஏறாது.

கீழே வந்து பார்த்தால் ‘குவாலிட்டி’ ஏறியிருந்தது. ஐப்பசி பிறக்குமுன் ஒரு வெயில் நாளில் அந்த ஒரு கனெக்டரைப் பார்த்துவிடுங்கள்.