தக்காளித் தொட்டிக்கு ஒரு ஒர்க்ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் எக்ஸெல் என்றாலே அலுவலகக் கணக்கு என்று ஒதுக்கி விடுகின்றனர். மாடியில் நான்கு தக்காளிச் செடிகள் இருந்தால் அதே எக்ஸெல் உங்களுக்குக் கை கொடுக்கும்.

செஞ்சி போன்ற ஊர்களில் கோடையில் தக்காளி பூக்கும். ஆனால் காய் பிடிப்பது கடினம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவில் வெளியே விடுகின்றன. உங்கள் மாடியின் கான்கிரீட் தளமும் இதையே செய்கிறது. வெப்பநிலை பகலில் ஏறத்தாழ 35 டிகிரியையும், இரவில் 24 டிகிரியையும் தாண்டினால் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிரும். இதைப் பூச்சியின் வேலை என எண்ணி மருந்து அடிப்பவர்கள் உண்டு. அதனால் வீட்டில் சமைக்கும் காயில் விஷம் சேர்வதுதான் மிச்சம். காரணம் வெயிலா, பூச்சியா என்று அறிய ஒரு பதிவேடு தேவை.

ஒர்க்ஷீட் தயாரிக்கலாம்

எக்ஸெல்லில் புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்து, முதல் வரிசையில் தேதி, பகல் வெப்பம், இரவு வெப்பம், உதிர்ந்த பூக்கள், பூச்சி எனத் தலைப்புகள் தாருங்கள். கண்ட்ரோல் கீயுடன் செமிகோலன் அழுத்தினால் அன்றைய தேதி தானாக அமையும். வானிலைத் துறையின் தளத்தில் கிடைப்பது நிழலில் எடுத்த அளவு. எனவே மாடியிலேயே ஒரு தெர்மாமீட்டர் வைத்துக் குறிப்பது நல்லது.

அடுத்து, இரவு வெப்பத்திற்கான செல்களைத் தலைப்பை விட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள். ஹோம் டேபில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், கிரேட்டர் தேன் எனச் சென்று 24 என டைப் செய்து ஓகே கிளிக் செய்யுங்கள். பகல் வெப்பத்திற்கு 35 தாருங்கள். வரம்பு தாண்டிய நாட்கள் சிவப்பாகத் தெரியும்.

சிவப்பு நாட்களில் பூ உதிர்ந்து, பூச்சி எதுவும் இல்லையெனில் மருந்து வேண்டாம். 35 முதல் 50 சதவீத நிழல் வலை கட்டுங்கள். தொட்டி மண்ணை வைக்கோலால் மூடி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் சீராகக் கிடைத்தால் காயின் அடி கருத்துப் போவதும் குறையும்.

போட்டோ எடுத்துப் பெரிதாக்குங்கள்

இலையின் அடிப்பக்கத்தை மொபைலில் படமெடுத்து, கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஜூம் செய்து பாருங்கள். பைலுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரிட்டால் படங்கள் தேதிவாரியாக அமையும்.

* வெள்ளை ஈ: இலைச்சுருட்டு வைரஸைப் பரப்பும். மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள். சுருண்ட செடிக்கு மருந்தில்லை, பிடுங்கி விடுங்கள்.
* சிவப்புச் சிலந்தி: மெல்லிய நூலாம்படை, மஞ்சள் புள்ளிகள். இலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள்.
* ஊசிப் புழு: இலையில் அகன்ற திட்டு, காயில் சிறு துளை. 2014ல் இந்தியாவில் கண்டறியப்பட்ட பூச்சி இது. பாதித்த இலைகளைக் கிள்ளி அழியுங்கள்.
* காய்ப்புழு: காயில் வட்டத் துளை. அருகில் செண்டுமல்லி வைத்தால் தாய் அந்துப்பூச்சி அதில் முட்டையிடும்.

பூச்சி உறுதியானால், லிட்டருக்கு 3 முதல் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

சந்தேகம் தீரவில்லையா? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் தக்காளிப் பூச்சிகள் பற்றிய விவரங்கள் தமிழிலேயே உள்ளன. செஞ்சிப் பகுதி வாசகர்கள் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். செல்லும்போது படங்களுடன் ஒர்க்ஷீட்டையும் பிரிண்ட் எடுத்துச் செல்லுங்கள்.