அப்பாவுக்கு பைபாஸ்... உங்களுக்கு ஒரு டூட்டி!

செமஸ்டர் லீவு. ஹாஸ்டல்ல இருந்து வீட்டுக்கு வர்றீங்க. ரெண்டு மாசம் முன்னாடி பைபாஸ் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட அப்பா, ஈஸி சேர்ல சாய்ஞ்சிருக்கார். ரிப்போர்ட் எல்லாம் ஓ.கே. ஆனா மேட்ச் ஓடினாலும் டி.வி. பக்கம் திரும்பறதில்லை. ராத்திரி தூக்கமில்லை. சாப்பாடு பாதி தட்டுலயே கிடக்கு. 'இனிமே நான் எதுக்குடா லாயக்கு?'ன்னு சட்டுனு கண் கலங்கறார்.

'வயசாயிடுச்சு, அப்படித்தான்'னு விட்டுடாதீங்க, ப்ளீஸ்!

பிளந்து தைச்ச நெஞ்செலும்பு சேர்றதுக்கே 6 முதல் 8 வாரம் ஆகும். அந்த நாட்கள்ல கொஞ்சம் சோர்வு, பயம் சகஜம். ஆனா அந்தச் சோகம் நாள் முழுக்க, ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சா அது டிப்ரெஷனா இருக்கலாம். 2001-ல் 'லான்செட்' மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு, பைபாஸ் முடிஞ்ச 309 பேரைக் கவனிச்சது. அஞ்சுல ஒருத்தருக்கு டிஸ்சார்ஜ் சமயத்துலயே கடுமையான டிப்ரெஷன். ஒரு வருஷத்துக்குள்ள மறுபடி இதயப் பிரச்னை வந்தது, அவங்கள்ல 27 சதவிகிதம் பேருக்கு. மத்தவங்கள்ல 10 சதவிகிதம் பேருக்குத்தான்!

ஏன் இப்படி? மனசு விட்டுப்போனவர் மாத்திரையை மறப்பார், வாக்கிங் போகமாட்டார், நிறுத்தின சிகரெட்டைத் திரும்பத் தேடுவார்.

சரி, இதுக்கு வழி? ஜெர்மனியின் மார்பர்க் நகர்ல ஆபரேஷனுக்கு முன்னாடியே சிலர்கிட்ட உளவியல் நிபுணர்கள் உட்கார்ந்து பேசினாங்க. 'குணமானதும் என்னென்ன செய்யப்போறீங்க?'ன்னு கேட்டு, திட்டம் போடவெச்சாங்க. ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா, வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவங்களைவிட இவங்க அன்றாட வேலைகளைச் சிரமமில்லாம செஞ்சாங்க. 2017-ல் வெளியான ரிசல்ட் இது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்ல இன்னொரு முயற்சி. பைபாஸுக்கு அப்புறம் டிப்ரெஷன்ல இருந்தவங்களுக்கு, டாக்டர்கள் மேற்பார்வையில் நர்ஸுங்க எட்டு மாசம் போன்லயே ஆலோசனை சொன்னாங்க. பாதிப்பேருக்கு டிப்ரெஷன் பாதிக்கு மேல குறைஞ்சுது. போன் வராத பிரிவுல அப்படிக் குறைஞ்சது சுமார் 30 சதவிகிதம் பேருக்குத்தான். இந்த ரிசல்ட் வந்தது 2009-ல்.

நீங்க நர்ஸ் இல்லைதான். ஆனா போன் கையில இருக்கே!

தினமும் கூப்பிடுங்க. 'மாத்திரை போட்டீங்களா?'ன்னு மட்டும் கேக்காம, 'இன்னிக்கு எதுவரைக்கும் நடந்தீங்க?'ன்னு கேளுங்க. வீட்டுல இருந்தா, டாக்டர் சொன்ன அளவுக்குக் கூடவே நடங்க. பாசத்துல, 'நீங்க எழுந்திரிக்கவே கூடாது'ன்னு கட்டிப்போடாதீங்க. அவரால முடிஞ்ச சின்ன வேலையை அவர்கிட்டயே விடுங்க.

ரெண்டு வாரமாகியும் மனசு தேறலைன்னா, இதய டாக்டர்கிட்டயே வெளிப்படையா சொல்லுங்க. கவுன்சலிங் இருக்கு, இதயத்துக்கு ஒத்துவர்ற மருந்தும் இருக்கு. நீங்களா மெடிக்கல் ஷாப்புல மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது. 'செத்துட்டா நல்லது'ங்கற மாதிரி பேசினா, தனியா விடாதீங்க. உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மத்திய அரசின் டெலி மானஸ் ஹெல்ப்லைன் 14416-லயும் பேசலாம்.

டிஸ்சார்ஜ் சீட்டுல மாத்திரை பேரெல்லாம் வரிசையா இருக்கும். 'மூணு மாசம் கழிச்சு நாம எங்கே போலாம்ப்பா?'ங்கற கேள்வி அதுல இருக்காது. அதைக் கேக்க வேண்டியது நீங்கதான்!