உங்களுக்குத் தெரியுமா? படகு பேட்டரியில் ஓடும் லேப்டாப்

மொன்றியல் பக்கத்து லவால் நகரம் ஒரு தீவு: வடக்கே மில் ஈல் ஆறு, தெற்கே பிரேரி ஆறு. கோடையில் படகிலேயே லேப்டாப்பைத் திறக்க ஆசை வரும்தானே!

சிறு படகு பேட்டரி தருவது 12 வோல்ட் டிசி. லேப்டாப் கேட்பதோ பெரும்பாலும் 19, 20 வோல்ட். இன்வெர்ட்டர் வைத்தால் அது 120 வோல்ட் ஏசியாகி, சார்ஜரில் மறுபடி டிசியாகிறது. இரண்டு இடத்திலும் மின்சாரம் சூடாக வீணாகும். சார்ஜரைத் தொட்டாலே கையில் தெரியும். 12 வோல்ட்டை நேராக உயர்த்தித் தரும் கார் சார்ஜர்தான் சிக்கனம்.

60 வாட் லேப்டாப் 5 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக்கூடாது என்பதால், 8 மணி நேரம் போலத் தாங்கும்.

எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியில் மட்டும் தயவுசெய்து மாட்டாதீர்கள். அது வடிந்துவிட்டால், ஆறு இழுக்கும்போது எஞ்சின் கிளம்பாது.