கவலை ஏறிய வண்டி

போனுக்கு சார்ஜ் போடுகிறோம். விமானத்தில் வரும் சரக்கை கார்கோ என்கிறோம். இந்த இரண்டு சொற்களோடும் கூடப் பிறந்த ஒன்று ஆங்கிலத்தில் உண்டு: கார்க். பொருள், கவலை. பாட்டிலை அடைக்கும் தக்கையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு வீட்டுப் பிள்ளை.

எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு வண்டி. இன்றைய பிரான்ஸ் பக்கம் வாழ்ந்த கெல்டிய மக்கள் தங்கள் வண்டிக்கு வைத்திருந்த பெயரை ரோமானியர்கள் கடன் வாங்கி 'கர்ருஸ்' ஆக்கினார்கள். நம் தெருவில் ஓடும் கார் அதன் பேரப்பிள்ளை. வண்டியில் பாரம் ஏற்றுவதற்குப் பிற்கால லத்தீனில் 'கர்ரிகாரே' என்று பெயர்.

அந்தச் சொல் பிரெஞ்சுக்குப் போனபோது இரண்டாகப் பிரிந்தது. பாரிஸ்காரர்கள் வாயில் முதலெழுத்து 'ச' ஆகிவிட்டது. வடக்கே நார்மண்டியில் 'க' அப்படியே நின்றது. 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியமின் ஆட்கள் பேசியது வடக்கத்திப் பேச்சு. அதன் வழியாக வந்தது கார்க். பாரிஸ் வழக்கிலிருந்து வந்தது சார்ஜ். கிரிக்கெட்டில் நாம் சொல்லும் கேட்ச், சேஸ் இரண்டும் இப்படிப் பிரிந்த அண்ணன் தம்பிதான்.

கார்க் முதலில் வெறும் மூட்டைச் சுமை. பிறகு மனத்தின் மேல் ஏறிக்கொண்டது. இதில் வியப்பில்லை, மனபாரம் என்று நாமும்தான் சொல்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் அதற்கு 'கேர்' என்ற ஜோடி கிடைத்தது. 'கார்க் அண்ட் கேர்' என்று, நம் 'கஷ்ட நஷ்டம்' போல, ஓசைக்காகச் சேர்த்துச் சொன்னார்கள். கேட்டால் ஒரே வேர் என்றுதான் தோன்றும். உறவே கிடையாது. கேர் பழைய ஜெர்மானியச் சொல். துயரம், புலம்பல் என்று பொருள். சிகிச்சையைக் குறிக்கும் 'க்யூர்' லத்தீனிலிருந்து வந்தது, அதற்கும் கேருக்கும்கூடச் சம்பந்தமில்லை.

இன்று பழைய கவிதை படிப்பவர்கள்தான் கார்க்கைச் சந்திக்கிறார்கள். சொந்தக்காரர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். கேலிச்சித்திரத்தைச் சொல்லும் கேரிகேச்சர், இத்தாலிய மொழியின் 'பாரம் ஏற்று' என்பதிலிருந்து வந்தது: மூக்கின் மேல் கொஞ்சம் கூடுதலாக ஏற்றிவிடுவது. வண்டிப் பாதையைக் குறித்த சொல் குதிரைப் பந்தயத் தடமாகி, கடைசியில் கெரியர் என்று உத்தியோகத்துக்குப் பெயராகிவிட்டது.