கூடி நின்ற விசுவாசம்

வீட்டின் ஒரு மூலையிலே தனித்திருந்து செபித்தால் இறைவன் கேளாரோ? கோயிலுக்குச் சென்று பலரோடு கூடித்தான் செபித்தல் வேண்டுமோ? இவ்வாறு வினவுவோர் நம்மிடையே பலர் உளர். வினா நியாயமானதே. தனிச் செபத்தைக் கிறிஸ்து நாதரே கற்பித்தார். ஆயினும், எருசலேமிலே முதன்முதல் விசுவசித்தவர்கள் போதனையையும் செபத்தையும் போலவே, தமக்குள் கொண்ட ஐக்கியத்தையும் விடாது பற்றியிருந்தனர் என அப்போஸ்தலர் பணி நூலால் அறிகின்றோம். அவ்வைக்கியத்தைக் கிரேக்க மொழியிலே 'கொயினோனியா' என்பர். உள்ளதைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்தல் என்பது அதன் கருத்து.

இதன் வலிமையை அறிய நாம் எருசலேமுக்குப் போகவேண்டுவதில்லை. வன்னிக் காட்டினூடே மடுவுக்குச் செல்லும் பாதையே போதுமானது.

1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்க குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்நாளிலே, 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்த 20 கத்தோலிக்கக் குடும்பங்கள், தாங்கள் வணங்கிவந்த மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு, ஒல்லாந்தரின் கை எளிதில் எட்டாத மருதமடுக் காட்டை அடைந்தன என்பது வழிவழியாக வரும் வரலாறு. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தோரும் பின்னர் அவர்களோடு சேர்ந்தனர்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். குரு இல்லை, பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்பாரும் இல்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்து சேரும்வரை, 29 ஆண்டுகள் இந்நிலையே நீடித்தது. ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்துவிட்டது. ஆயினும் விசுவாசம் அழியவில்லை. செபமாலையைக் கழுத்திலே அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டு நடந்த அடிகளார், அம்மாலையை அறிந்துகொண்டவர்களைக் கொண்டே தம் மக்களைக் கண்டுபிடித்தார். 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவிலே, யாழ்ப்பாணத்து வீடுகளில் செபிக்கக் கூடியிருந்த ஏறத்தாழ 300 பேரை ஒல்லாந்தர் சிறைப்பிடித்தனர். தனித்தனியே செபித்திருந்தால் அவர்களை எவரும் அறிந்திரார். ஆபத்தை அறிந்தும் அவர்கள் கூடினார்கள். கூடாவிடின் தம் பிள்ளைகள் எதையும் அறியாது வளர்வர் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்!

தாம் கண்ட இவ்வைக்கியத்தின்மீதே அடிகளார் திருச்சபையை மீளக் கட்டினார். ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தி, குரு வாராத நாட்களில் மக்களைக் கூட்டிச் செபிப்பிக்கவும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிக்கவும் ஒழுங்கு செய்தார். 1705இல் வந்து அவருக்குத் துணையான யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை யாத்தளித்தார். அவருடைய வியாகுலப் பிரசங்கம், ஒருவர் வாசிக்கப் பலர் கூடியிருந்து கேட்டு மனமுருகும் நூலாகத் தவக்காலந்தோறும் வழங்கிவருகின்றது.

இனி, ஐக்கியம் என்பது நம்மவரோடு மாத்திரம் அடங்கிவிடுவதன்று. 1990ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டபோது, பல்லாயிரம் மக்கள் மடு வளவிலே தஞ்சம் புகுந்தனர். இந்துக்களும் அவர்களுள் இருந்தனர். 1999 நவம்பரிலே அவ்வளவில் வீழ்ந்த எறிகணைகளுக்குத் தஞ்சமடைந்தோர் பலர் இரையாயினர். 2008 ஏப்ரலில் திருச்சொரூபம் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டு, ஆகஸ்டில் மீண்டது. முன்னோரைப் போலவே மாதாவும் மறுபடி ஏதிலியானாள் எனக் கூறலாம். 2015 ஜனவரி 14ஆம் நாள், கொழும்பிலே யோசேவ் வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்திய பாப்பரசர் பிரான்சிஸ், அன்றே மடுவுக்கும் வந்து, போரில் உறவுகளை இழந்தோரோடு செபித்தார்.

நேயர்களே, முதலில் எழுந்த வினாவுக்கு வருவோம். தனித்துச் செபிப்பவனை இறைவன் கேளாதிருப்பதில்லை. ஆனால், தனித்திருப்பவன் எவரை மன்னிப்பான்? எவருடைய சுமையைத் தாங்குவான்? மனக்கசப்புற்ற அயலவனோடு ஒரே வாங்கிலே அமர்வது எளிதன்று. அப்பயிற்சி தனிமையிலே கிடைப்பதுமில்லை. அக்காட்டிலே குருவில்லாத மக்களுக்குத் துணையாயிருந்தது அடுத்த குடிசைக்காரனின் குரலே. ஆதலால் வருகின்ற ஞாயிறன்று கோயிலுக்குச் செல்லும்போது, நம் அருகே வெறுமையாயிருக்கும் இடம் யாருடையது என்று நோக்குவோம். அன்று மாலையே அவருடைய வீட்டுப் படலையைத் திறந்து சென்று, சுகம் விசாரித்து வருவோமாக.