பெயர் பொறித்த கல்லும் பெயரற்ற மரணங்களும்

கொழும்பு விஹாரமகாதேவிப் பூங்காவில், பொது நூலகத்தின் அருகே உயர்ந்து நிற்கும் போர் நினைவுத்தூணை அவ்வழியே செல்வோர் நாளாந்தம் காண்கின்றனர். அத்தூண் முதலில் அங்கு நின்றதன்று. முதலாம் உலக மகா யுத்தத்துக்கு இலங்கையிலிருந்து சென்று மாண்டோருக்காக 1923 இல் காலிமுகத்திடலிலே எழுப்பப்பட்டது. இலண்டன் மாநகரின் புகழ்பெற்ற போர் நினைவுச்சின்னத்தை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ் என்பவரே இதனையும் வடிவமைத்தார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, கடல்வழி வரும் ஜப்பானியருக்கு இது குறிபார்க்கும் அடையாளமாகிவிடும் என்ற அச்சத்தினால் கழற்றப்பட்டு, அந்நாளில் விக்டோரியாப் பூங்கா எனப்பட்ட இவ்விடத்தில் மீண்டும் நிறுத்தப்பட்டது.

இத்தகைய சின்னத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. 'வெற்றுக் கல்லறை' என்பது அதன் பொருள். உடல் எங்கோ அந்நிய மண்ணிற் கிடக்க, பெயர் மட்டும் ஊருக்குத் திரும்பி வருகின்றது. துப்பாக்கி ஏந்திய வீரனின் உருவம் அத்தூணில் இல்லை. பொறிக்கப்பட்ட பெயர்களே அதன் உயிர்.

எனினும் அந்த நினைவுகூரலும் தகராறு இன்றி நடந்துவிடவில்லை. ஆண்டுதோறும் நவம்பர் 11 ஆம் திகதி விற்கப்பட்ட பொப்பி மலரின் வருவாயிற் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே சென்றது. இதனை ஆட்சேபித்து 1931 இல் ஏலியன் பெரேரா சூரியமல் விற்பனையைத் தொடங்கினார். எமது வேலிகளில் பூக்கும் பூவரசம்பூவே அது. பின்னர் இடதுசாரி இளைஞர்கள் அதனை ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக்கினர். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டு சென்றவர்களும் அவர்களே. எவருடைய இறப்புக்கு எவர் மலர் சூடுவது என்ற கேள்வி இந்நாட்டுக்குப் புதிதன்று.

தமிழருக்கும் கல் நாட்டி வணங்குவது அந்நிய வழக்கன்று. நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியமே வகுத்துரைக்கின்றது. ஆநிரை மீட்டு மாண்டவனுக்கு அவனை அறிந்த ஊரார் கல் எடுத்தனர். மாண்டவனுக்காக அழுதவர்களே கல்லையும் நட்டனர் என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

2009 டிசம்பரில் புதுக்குடியிருப்பில் திறக்கப்பட்ட வெற்றிச்சின்னத்தில், ஒரு கையில் துப்பாக்கியும் மறுகையில் தேசியக் கொடியும் ஏந்திய படைவீரனின் பெரும் உருவம் நிற்கின்றது. களத்தில் மகனை இழந்த தென்னிலங்கைத் தாயின் துயரம் மெய்யானது. அதனை நாம் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அத்தாய் வாழ்வது புதுக்குடியிருப்பில் அன்று. அங்கு வாழ்பவர்கள் அந்தப் போரின் இறுதி மாதங்களில் தமது பிள்ளைகளைப் புதைக்கவும் இடமின்றி ஓடியவர்கள். அவர்களுக்கு அச்சிலை தோல்வியை நாளாந்தம் நினைவூட்டும் ஒன்றாகவே இருக்க முடியும். மறுபுறத்தில், விடுதலைப் புலிகளின் துயிலும் இல்லங்கள் இடித்து நிரவப்பட்டன. அங்கு புதைக்கப்பட்டோரின் அரசியலை ஏற்காத பெற்றோருக்கும் அது பிள்ளையின் புதைகுழியாகவே இருந்தது.

அந்நியப் படைக்குக்கூடத் தலைநகரில் கல் உண்டு. இந்திய அமைதிப்படையில் மாண்ட ஏறத்தாழ 1,200 பேருக்கான நினைவுச்சின்னம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் இருக்கின்றது. 2015 இலும் 2025 இலும் இந்தியப் பிரதமர் அங்கு மலர்வளையம் சாத்தினார். 1987 ஒக்டோபரில் யாழ். போதனா வைத்தியசாலைக்குள் அதே படையினராற் சுட்டுக் கொல்லப்பட்ட வைத்தியர்களையும் தாதியரையும் நோயாளரையும் நினைவுகூர்வது அங்குள்ள ஊழியர்களின் பொறுப்பாகவே விடப்பட்டுள்ளது.

வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வருவோம். 1983 ஜூலையில் இப்பகுதிகளின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர் தப்பியோர் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முதலிய அகதி முகாம்களிற் தஞ்சமடைந்தனர். வெலிக்கடைச் சிறைக்குள் இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். 2004 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். எனினும் கொழும்பில் அவர்களுக்கென அரசு நாட்டிய கல் எதுவும் இல்லை. 2022 மே 18 இல், அந்தப் பழைய தூண் நின்ற அதே காலிமுகத்திடலில், போராட்டக்காரர்கள் விளக்கேற்றி முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிர்ந்தபோது சிங்களவரும் அதனைப் பெற்று அருந்தினர். அன்றைய கூடாரங்கள் இன்று இல்லை.

2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க இழப்பீடுகளுக்கான அலுவலகச் சட்டம், இறந்தோரை நினைவுகூர்வதற்கான வசதிகளையும் நினைவுச்சின்னங்களையும் இழப்பீட்டின் பகுதியாகவே ஏற்கின்றது. ஆகவே சட்டத்தில் இடமில்லை என்று எவரும் கூற முடியாது. ஆனால் கல்லில் எதனைப் பொறிப்பது? ஜூலையில் மாண்டோரின் தொகை சில நூறு என்பாரும் மூவாயிரம் என்பாரும் உளர். விஹாரமகாதேவிப் பூங்காவில் ஒவ்வொரு சிப்பாயின் பெயரும் தேடித் திரட்டப்பட்ட பின்னரே உளி எடுக்கப்பட்டது. சாட்சிகளாய் இருந்த முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்ற நிலையில், அந்தப் பெயர்ப்பட்டியலைத் திரட்டும் பணியை இழப்பீடுகளுக்கான அலுவலகம் இவ்வாண்டிலேயே தொடங்க வேண்டும்.